இருவர் விளையாட ஒரு கணினி: சாவகச்சேரியிலிருந்து வட்டுக்கோட்டை வரை

காலை ஏழு மணி. சாவகச்சேரிக்குக் கிழக்கே, ஏ9 வீதியோரத் தரிப்பிடத்தில் நானும் அண்ணாவும் ஒரே குடைக்குள் நின்றோம். கார்த்திகை மழை மூன்று நாளாக விடவில்லை. கையில் இரண்டு வெறும் பைகள், நான்கு பழைய துவாய்கள், சில பொலித்தீன் உறைகள். வாங்கப் போகும் சாமான்கள் நனையக் கூடாதவை. மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டதும் அதனால்தான்.

முன்வீட்டு மாமி பால் வாங்கிக்கொண்டு திரும்பினார். எங்களுடைய பைகளைப் பார்த்தார்.

"தூரமோ?"

"இல்லை மாமி, உதிலை ரவுணுக்கு" என்றார் அண்ணா.

எங்கள் பக்கத்தில், வெளிக்கிட்டு நிற்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். தூரமா என்று மட்டும் கேட்கலாம். அதற்குக் கிடைக்கிற பதிலோடு விட்டுவிட வேண்டும்.

நாங்கள் போனது ஒரு கணினிக்கான பாகங்களைத் தேடி. கடையில் பூட்டி வைத்திருப்பதை வாங்காமல், ஒவ்வொரு பாகமாகத் தெரிவுசெய்து வீட்டில் நானே பூட்டப்போகும் முதல் விளையாட்டுக் கணினி. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வன்பொருள் படித்தவள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பழைய கணினிகளை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. எனக்கென்று ஒன்று பூட்டியதில்லை. உண்மையில் இதுவும் எனக்கு அல்ல.

அண்ணா கொடிகாமத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முகவரை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் பிடிபட்டு, மாதக் கணக்கில் எங்கிருக்கிறார் என்றே தெரியாமல் இருந்து, தோள் எலும்பு தெரியத் திரும்பி வந்தவர். அந்த மாதங்கள் முழுவதும் அம்மா தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார். இனிப் போவதில்லை என்று அண்ணா அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். ஆனால் இந்த வருடம் பட்டறை முடிந்தும் வீட்டுக்கு வருவதில்லை. சந்தி மதிலில் குந்தியிருந்து, வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்ட கூட்டாளிகளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பயம் வந்தது. சின்ன வயதில் ரீவியில் கொழுவும் மலிவான விளையாட்டுப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு முன்னால் மட்டும் அண்ணா நேரத்தை மறந்து இருப்பார். அவரை வீட்டில் இருத்தி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆகவே என் திட்டம் இருவருக்கானது. திரை புதிதாக வேண்டாம், வரவேற்பறை ரீவி போதும்; விசைப்பலகையும் மவுஸும் வீட்டில் பழையவை உண்டு. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவர் கார் ஓட்டலாம், பந்து விளையாடலாம். கையில் பிடிக்கும் கொன்ட்ரோலர் இரண்டு. மொத்தச் செலவு ஒரு இலட்சத்து அறுபதாயிரம். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்குவதில்லை. கணக்குப் போடும் பாகங்களைப் பழையதாக வாங்கலாம். இதை அண்ணாவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. கூடவே வருவதாகச் சொன்னதும் நான் பாதி வென்றுவிட்டதாக நினைத்தேன்.

கொடிகாமத்திலிருந்து வந்த பேருந்தில் நிற்க மட்டுமே இடம் இருந்தது. யாழ்ப்பாணம் பதினாறு கிலோமீற்றர். கைதடி தாண்டியதும் வயல்கள் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. நாவற்குழிப் பாலத்தின் இரு பக்கமும் கடல்நீரேரி வானத்தின் நிறத்தில் கிடந்தது. மனிதப் புதைகுழிகள் தோண்டப்பட்ட செம்மணி வெளியைக் கடக்கும்போது பேருந்துக்குள் பேச்சு தானாகக் குறையும். யாரும் காரணம் சொல்வதில்லை. நடத்துநர் எங்கள் வெறும் பைகளைப் பார்த்து, "திரும்பி வரேக்கை உதுக்கும் ரிக்கற் எடுக்க வேணும், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

ஒன்பது மணிக்குக் கஸ்தூரியார் வீதியில், வழக்கமாக அலுவலகச் சாமான் எடுக்கும் கடை. முதலில் பவர் சப்ளை. மாரியில் எங்கள் பக்கம் கரண்ட் போவது பிரச்சினையில்லை. திரும்பி வருவதுதான் பிரச்சினை. வரும்போது ஒரு குத்துக் குத்திக்கொண்டு வரும். அதனால் 550 வாற்றில், எடை கூடியதாக, பதினேழாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்றை எடுத்தேன். 500 ஜிபி எஸ்எஸ்டி பதினாலாயிரம். கேஸ் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் இல்லாதது, அடியில் தூசி வடி உள்ளது. கடைக்காரர் மேசையில் இரண்டு கொன்ட்ரோலர்களை வைத்தார். ஒன்று ஆறாயிரத்து ஐந்நூறு.

அண்ணா ஒன்றைத் திருப்பித் தள்ளினார்.

"ஒண்டு காணும். அந்தக் காசுக்கு மைக் வைச்ச ஹெட்செட் ஒண்டு எடு."

"ஹெட்செட் என்னத்துக்கு அண்ணை? பக்கத்திலை இருந்துதானே விளையாடப் போறம்."

"நீ கத்திற கத்துக்கு எனக்குக் காது அடைக்கும். அதுக்குத்தான்."

கடைக்காரர் சிரித்தார். "தங்கச்சி, ரண்டையும் எடுங்கோ. பிறகு ஆர் முதல் எண்டு அடிபட்டு இஞ்சைதான் வருவியள்."

நான் யோசித்தேன். அண்ணா விசைப்பலகையில் ஓட்டுவார் என்றால் ஒரு கொன்ட்ரோலர் போதும். ஹெட்செட் ஆறாயிரம், கணக்கு இடிக்கவில்லை. எடுத்துக்கொண்டேன். பணம் கட்டும் நேரத்தில் அண்ணா கடைக்காரரிடம் ஃபைபர் இணைப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு எடுத்தால் அனுப்பும் வேகம் எவ்வளவு, மழைக்கு அறுந்தால் எத்தனை நாளில் திருத்துவார்கள். பட்டறையைத் தவிர வேறு எதிலும் இவ்வளவு கேள்வி கேட்காத மனிதர். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என் திட்டம் அவரையும் பிடித்துக்கொண்டது என்று நம்பினேன்.

பத்தரை மணிக்கு ஓட்டோவில் குருநகர். இணையத்தில் விளம்பரம் பார்த்துப் பேசி வைத்த கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று, 8 ஜிபி, இருபத்தெட்டாயிரம். கணினியில் விளையாட்டுக்குப் படம் வரைவது இந்தப் பாகம்தான். புதிதென்றால் காசில் பெரும்பங்கும் இதற்கே போகும். அவ்வளவு என்னிடம் இல்லை.

கடற்கரையிலிருந்து இரண்டாவது வீடு. மழைக்குப் படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். மெட்டில்டா அக்கா கதவைத் திறந்தார். விற்பனைக்கு இருந்தது அவருடைய தம்பி அன்ரனின் கணினி. கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே, ஒரு துணியால் போர்த்தி இருந்தது. கேஸைத் திறந்து கார்ட்டைக் கழற்றினேன். முன்பக்கம் துடைத்து மினுக்கப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் ஆணிகளில் துரு. பலகையில் செருகும் பொன்நிற விளிம்பில் பச்சை பூத்திருந்தது. விசிறியை விரலால் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம். உப்புக்காற்று. இன்றைக்கு வேலை செய்யும். அடுத்த மாரி வரை நிற்குமா என்று சொல்ல முடியாது. அதை மெட்டில்டா அக்காவுக்குக் காட்டி விளங்கப்படுத்தினேன்.

அவர் கோபிக்கவில்லை. "கடலோடை கிடக்கிற எங்களுக்கே துருப்பிடிக்குது பிள்ளை. உது பாவம் என்ன செய்யும்" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, அன்ரனைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஒரு படிப்பு என்று சொல்லி ஒரு பையோடு போனாராம். இரண்டு கிழமை கழித்து வேறு நாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்ததாம். வீட்டில் தாய்க்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"வெள்ளிக்கிழமை பூசைக்கு எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வாய் பட்டால் பயணம் குழம்பிப் போகுமாம். ஆற்றை வாய்? என்ரை வாயோ?"

நான் கார்ட்டைத் திரும்பப் பூட்டினேன். தேநீர் வந்தது. அண்ணாவைக் காணவில்லை. அவர் உள்ளே வராமல், கவிழ்த்த படகொன்றின் அருகே குடையோடு நின்றார். அவர் ஏன் வெளியில் நிற்கிறார் என்று மெட்டில்டா அக்கா கேட்டார். செருப்பில் சேறு என்று நானே ஒரு காரணம் சொன்னேன்.

பழைய கணினிச் சாமான் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். குடாநாட்டில் நல்ல பாகங்கள் கடைகளில் கிடைப்பதைவிட வெளிநாடு போகிறவர்களின் வீடுகளில்தான் கிடைக்கும். விளம்பரத்தில் யாரும் போகிறேன் என்று எழுத மாட்டார்கள். இதைவிட நல்லது வாங்கப் போகிறேன், அதனால் விற்கிறேன் என்றுதான் எழுதுவார்கள். வாங்க வருபவரும் அதை நம்பியதுபோல் தலையாட்ட வேண்டும். விலை பேசலாம். காரணம் பேசக் கூடாது.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு வட்டுக்கோட்டைப் பேருந்து. ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை. தோட்டங்களில் புகையிலைக்குப் பண்படுத்திய நிலம் சேறாகிக் கிடந்தது. வாங்கிய பெட்டிகளை மடியில் வைத்துத் துவாயால் மூடியிருந்தேன். குருநகர் கார்ட் கிடைத்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும் என்று சொன்னேன். அண்ணா யன்னலைப் பார்த்தபடி, "அந்த அக்கா என்ன சொன்னவ?" என்று கேட்டார். அன்ரனைப் பற்றிச் சொன்னேன்.

வட்டுக்கோட்டையில், கல்லூரி மதில் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் சுதர்சனின் வீடு. என் வயதிருக்கும். மதர்போர்ட், ஆறு கோர் ப்ரொசெசர், 16 ஜிபி ரம் மூன்றும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம். கிராஃபிக்ஸ் கார்ட் முப்பத்தெட்டாயிரம். கேஸும் பவர் சப்ளையும் இன்னொருவருக்குப் பேசியாகிவிட்டதாம். அறையில் கட்டிலும் மேசையும் தவிர எதுவும் இல்லை. சுவரில் படங்கள் இருந்த இடங்களில் வெள்ளைச் சதுரங்கள்.

"அப்கிரேட் பண்ணப் போறன் அக்கா" என்றார்.

"ஓம், தெரியுது" என்றேன்.

எல்லாம் பூட்டியபடியே இருந்ததால் சோதிப்பது இலகுவாக இருந்தது. என் யூஎஸ்பியில் இருந்த சோதனை நிரலை அரை மணித்தியாலம் ஓட விட்டேன். கார்ட்டின் சூடு எழுபத்தொரு பாகையில் நின்றது. தூசி இருந்தது, துரு இல்லை. இது தோட்டத்துக் காற்று. மதர்போர்ட்டின் இரு பக்கத்திலும் எதுவும் வீங்கவில்லை, கருகவில்லை. நான் திருப்தியோடு கேஸின் மறுபக்கக் கதவை மூடிக்கொண்டிருந்தபோது, ஓடுவதைக் கண்ணாலும் பாருங்கோ என்று சுதர்சன் ஒரு கார் ஓட்டப் பந்தயத்தைத் திறந்து மவுஸை அண்ணாவிடம் கொடுத்தார்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் பலரோடு விளையாடும்போது நம்முடைய ஒவ்வொரு அசைவும் ஒரு தூரத்துக் கணினிக்குப் போய்த் திரும்பி வரும். அந்தக் கணினி எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்று நாமே தெரிவுசெய்யலாம். போய் வர எடுக்கும் நேரத்தைப் பக்கத்தில் காட்டும். இங்கிருந்து விளையாடும் எவரும் சிங்கப்பூரைத்தான் எடுப்பார்கள். சுதர்சனும் அதைத்தான் வைத்திருந்தார். அறுபத்தெட்டு மில்லி செக்கன்.

அண்ணா அதை மாற்றினார். சுட்டியைக் கீழே இறக்கி ஐரோப்பாவில் வைத்தார். எண் மெல்ல ஏறி நூற்று எழுபத்தொன்பதில் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பறவாயில்லை. கார் ஓடலாம். பந்துதான் கொஞ்சம் கஷ்டம்."

"பழகீடும் அண்ணை" என்றார் சுதர்சன். "எல்லாரும் உப்பிடித்தானே விளையாடுறாங்கள்."

நான் கதவின் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

ஒரே ரீவிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடப்போகும் இருவருக்கு ஐரோப்பா எத்தனை மில்லி செக்கன் என்று தெரிய வேண்டியதில்லை. மைக் வைத்த ஹெட்செட் வேண்டியதில்லை. வீட்டிலிருந்து அனுப்பும் வேகம் வேண்டியதில்லை. இரண்டாவது கொன்ட்ரோலர்தான் வேண்டும். நான் அவரை இருத்தி வைக்கப் பாகங்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். அவர், தான் இல்லாதபோது எனக்கு எவை தேவைப்படும் என்று தெரிவுசெய்துகொண்டிருந்தார். இருவரும் காலையிலிருந்து ஒரே கணினியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

காசை எண்ணிக் கொடுத்தேன். சுதர்சன் ஒவ்வொன்றையும் கழற்றி, அது வந்த அசல் பெட்டியிலேயே வைத்துத் தந்தார். பெட்டிகளைக்கூட வைத்திருக்கிறாரே என்று அண்ணா கேட்க, சாமான் என்றால் ஒருநாள் கைமாறும்தானே என்றார். படலையில் நின்று, "போட்டு வாறம்" என்றோம். அவரும் "ஓம், போட்டு வாங்கோ" என்றார். திரும்பி வந்தால் அவர் அங்கே இருக்க மாட்டார் என்பது மூவருக்கும் தெரியும்.

மூன்றரை மணிப் பேருந்தில் பின் இருக்கை கிடைத்தது. ப்ரொசெசர் இருந்த பெட்டியை அண்ணா இரு கையாலும் பிடித்திருந்தார். சங்கானை போனது. சண்டிலிப்பாய் போனது. எனக்குக் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. எந்த நாடு, யார் முகவர், எந்தக் காசு, அம்மாவுக்கு யார் சொல்வது. ஆனால் எங்கே என்று கேட்க முடியாது. ஒரு முறை குழம்பிய பயணம். இரண்டாம் முறை என்னுடைய வாயால் குழம்பியது என்று ஆகிவிடக் கூடாது. இந்த நம்பிக்கைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தும் வாய் எழவில்லை.

மானிப்பாயில் கூட்டம் இறங்கியது. அப்போதுதான் கேட்டேன்.

"தூரமோ அண்ணை?"

அவர் திரும்பவில்லை. ஆனைக்கோட்டை வரும்வரை மழைத்துளிகள் கண்ணாடியில் சரிந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை நேரத்துக்கு நாலரை மணித்தியாலம் பிந்தி" என்றார். "கோடையிலை மூண்டரை."

"கடல் வழியோ?"

"இல்லை. இந்த முறை பிளேன்தான். வேலை விசா. கள்ளமில்லை."

"அம்மா?"

"போய் இறங்கிப்போட்டுச் சொல்லுறன். இப்ப சொன்னால் விடமாட்டா. விட்டாலும் நித்திரை கொள்ளமாட்டா." பிறகு, பெட்டியைப் பார்த்தபடி, "நீ பின்னேரத்திலை இதுக்கு முன்னாலை இருந்தால் நான் அங்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிக்கிற நேரம். கதைக்கலாம்" என்றார்.

கள்ளமில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தைக் கடந்தேன். போன முறையும் அப்படித்தான் சொன்னார் என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது நாலரை. எங்கள் பேருந்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. பைகளோடு அண்ணாவைக் கூரையின் கீழ் நிறுத்திவிட்டுக் கஸ்தூரியார் வீதிக்கு நடந்தேன். காலையில் அண்ணா தள்ளிவிட்ட கொன்ட்ரோலர் அதே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"நான் சொன்னனான் தானே" என்றார் கடைக்காரர். "ரண்டு பேருக்கு ஒண்டு காணாது."

ஆறாயிரத்து ஐந்நூறு. ஒரு இலட்சத்து அறுபதாயிரமும் சரியாக முடிந்தது. திரும்பி வந்து பெட்டியை அண்ணாவின் கையில் வைத்தேன்.

"இது இந்தக் கணினிக்கு இல்லை. கொண்டு போங்கோ. பாரமில்லை."

அவர் வாங்கினார். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. சாப்பிட்ட உடனே வரவேற்பறைப் பாயில் எல்லாவற்றையும் பரப்பிப் பூட்டத் தொடங்கினேன். ப்ரொசெசரை இருத்தினேன், ரம்மைச் செருகினேன், மதர்போர்ட்டைக் கேஸில் முடுக்கினேன். அண்ணா டோர்ச் பிடித்தார். அம்மா ஒரு சந்தனப் பொட்டோடு வந்தார்; கேஸின் வெளியில் வைக்கலாம், உள்ளே தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று பேசித் தீர்த்தோம். முதல் தடவையிலேயே இயங்கியது. பூட்டியவளுக்கு அதில் பெருமை இருந்திருக்க வேண்டும்.

கார் ஓட்டப் பந்தயத்தை ரீவியில் போட்டோம். திரை இரண்டாகப் பிரிந்து, இரண்டாம் ஆட்டக்காரர் ஏதாவதொரு பொத்தானை அழுத்தவும் என்று கேட்டது. மற்றக் கொன்ட்ரோலர் அண்ணாவின் அலுமாரிக்கு மேலே, திறக்காத பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் எழும்பவில்லை. விசைப்பலகையில் அவருக்குக் கார் ஓடவில்லை. வளைவுகளில் எல்லாம் முட்டினார். அதனால் திரையை ஒன்றாக்கி, ஒரு கொன்ட்ரோலரை மாறி மாறி வாங்கி ஓட்டினோம். அவர் ஓட்டும்போது நான் கத்தினேன். ஹெட்செட் வாங்கினது இதுக்குத்தான் என்றார்.

அம்மா குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு இளக்கம்.

"பறவாயில்லை, காசு போனாலும் நல்ல சாமான்தான் வாங்கியிருக்கிறாய்" என்றார் என்னிடம். "இனி உவன் வீட்டோடை கிடப்பான்."

அன்று பேருந்தில் போய் வந்தது எல்லாமாக அறுபது கிலோமீற்றருக்கு மேல். போன இருவரும் திரும்பி வந்திருந்தோம். அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் அம்மா" என்றேன்.